மெட்ராசுக்கு ஐஸ் வைத்தவர்

யாரையாவது காக்கா பிடித்தால் ‘ஐஸ் வைக்கிறான்’ என்கிறோம். ஒரு ஊருக்கே ஐஸ் வைத்த ஆசாமி ஒருவர் உண்டு. பாஸ்டன் வியாபாரி ஃபிரெடெரிக் டூடர்.

மனிதர் விற்றது என்ன? மாசசூசெட்ஸ் குளங்களில் குளிர்காலத்தில் தானாக உறைந்து கிடக்கும் தண்ணீர். அதைச் சுற்றிப் பொதிய, அறுவை மில்காரர்கள் எங்கே கொட்டுவதென்று முழித்துக்கொண்டிருந்த மரத்தூள். 1806-இல் மார்ட்டினிக் தீவுக்கு முதல் லோடு அனுப்பியபோது ஊரே சிரித்தது. அங்கே ஐஸ் வைக்கக் கிடங்கு இல்லை. போட்ட முதல் அவர் கண்ணெதிரே தண்ணீராக ஓடியது. கடன்காரர்கள் ஜெயிலுக்குக்கூட அனுப்பினார்கள். மனிதர் அசரவில்லை. பிறகு காபிச் சூதாட்டத்தில் வேறு கையைச் சுட்டுக்கொண்டார். அந்தக் கடனோடு 1833-இல் கல்கத்தாவுக்கு 180 டன் ஐஸ் ஏற்றினார். நாலு மாதப் பயணம். பூமத்திய ரேகையை இரண்டு தடவை தாண்டியும் சுமார் 100 டன் மிஞ்சியது. தெருமுனையில் நான் வாங்கும் குல்ஃபி வீடு வரை தாங்குவதில்லை.

மெட்ராஸ் துரைமார்கள் மட்டும் வெந்நீர் கலந்த மாதிரி விஸ்கி குடிப்பார்களா? 1842-இல் இங்கேயும் கடலோரத்தில் ஒரு கிடங்கு எழும்பியது. அன்று ஊருக்குத் துறைமுகம் கிடையாது. கப்பல் தூரத்தில் நங்கூரமிடும். பாதி உலகம் சுற்றிவந்த ஐஸ், கடைசிக் கொஞ்ச தூரத்தை மசூலாப் படகில் அலைக்கு அலை குதித்துக் கடந்தது. படகு வலித்தவன் நம்மாள், பருகியவர் துரை.

இது தெரியாமல் அமெரிக்க எழுத்தாளர் தோரோ, வால்டன் குளத்தில் ஐஸ் வெட்டுவதைப் பார்த்துவிட்டு, மெட்ராஸ்வாசிகள் தன் கிணற்றில் குடிக்கிறார்கள் என்று சிலிர்த்து எழுதினார். திருவல்லிக்கேணியில் யாரையாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

இயந்திரத்தில் ஐஸ் செய்யத் தெரிந்ததும் டூடர் கம்பெனி வியாபாரம் படுத்தது. கட்டடத்தை வக்கீல் பிலிகிரி ஐயங்கார் வாங்கினார். ஐஸுக்குக் காற்று ஆகாது, மனிதனுக்கு ஆகுமே; ஜன்னல்களை வைத்து வீடாக்கினார். 1897-இல் விவேகானந்தர் அங்கே ஒன்பது நாள் தங்கினார். 1963-இல் அரசாங்கம் ‘விவேகானந்தர் இல்லம்’ என்று பெயர் மாற்றியது.

பஸ்ஸில் ஏறி அந்தப் பெயரைச் சொல்லி டிக்கெட் கேட்டுப் பாருங்கள். “ஐசவுஸா?” என்பார் கண்டக்டர்.