ஒத்தவாடைத் தெருவுக்கு ஒரு கோரிக்கை

எங்கள் செங்கல்பட்டுப் பக்கம் கோழி சூப் என்பது ஜலதோஷக்காரனின் மருந்து. மூக்கு ஒழுகினால்தான் அதன் ஞாபகமே வரும். தள்ளுவண்டியில் ஒரு கப் வாங்கி, மிளகுத்தூளைத் தூக்கலாகப் போட்டு, நின்றபடியே குடித்துவிட்டு பஸ்ஸைப் பிடிப்போம். அதையே ஒரு முழுச் சாப்பாடாக உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள் என்பது, கம்பெனிப் பயிற்சிக்காக ஜப்பான் போனபோதுதான் தெரிந்தது.

கியோட்டோவில் ‘டென்காயிப்பின்’ கடைக்குக் கூட்டிப்போனார்கள். 1971இல் கிமுரா ட்சுதொமு என்பவர் தள்ளுவண்டியில் தொடங்கிய ராமென், அதாவது நூடுல்ஸ் போட்ட சூப், வியாபாரம். இன்று ஜப்பானின் பல ஊர்களில் கிளைகள். தள்ளுவண்டி என்றதுமே எனக்குப் பாதி சொந்தம் வந்துவிட்டது. சூப்பில் இரண்டு ரகம்: தண்ணியாக ‘அஸ்ஸாரி’, கெட்டியாக ‘கொத்தெரி’. கடைக்குப் பேர் வாங்கித் தந்தது கொத்தெரிதான். கோழி எலும்பையும் பத்துக்கு மேற்பட்ட காய்கறிகளையும் உருத்தெரியாமல் போகும்வரை கொதிக்கவிடுகிறார்கள்.

வந்ததைப் பார்த்தால், ஆடி மாசம் அம்மன் கோயிலில் ஊற்றும் கூழின் பதம். குச்சியால் நூடுல்ஸைத் தூக்கினால் பாதி சூப் அதோடு ஒட்டிக்கொண்டு மேலே வருகிறது. நூடுல்ஸின் மேல் வெங்காயத்தாள், மூங்கில் குருத்து, அப்புறம் பன்றி இறைச்சித் துண்டுகள். கோழியைக் கரைத்துக் குடிக்கக் கொடுத்துவிட்டு, கடிக்க மட்டும் பன்றியைத் தருவது என்ன நியாயமோ!

வீட்டில் ரசத்தை உறிஞ்சினால் அம்மா முறைப்பாள். இங்கே பக்கத்து ஸ்டூலில் கோட்டும் டையுமாக ஒரு பெரியவர், தெருவுக்கே கேட்கும்படி ‘சர்ர்ர்’ரென்று இழுக்கிறார். யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இருபது வருஷமாக அடக்கி வைத்திருந்ததை எல்லாம் நானும் அன்றைக்கு இழுத்துத் தீர்த்தேன்.

சூப்பு வற்றியதும் கிண்ணத்தின் அடியில் எழுத்து தெரிந்தது. “நாளைக்கும் காத்திருக்கிறோம்னு எழுதியிருக்கு சார்” என்றார் கூட வந்தவர். மிச்சம் வைக்காமல் குடித்தவனுக்கு மட்டும் அழைப்பிதழ்! வியாபாரம் தெரிந்த மனுஷன் அந்தக் கிமுரா.

ஜப்பான்காரர்களுக்குக் கோழிமேல் பாசம் புதிதல்ல. 1958இல் மொமொஃபுகு ஆண்டோ செய்த உலகின் முதல் இன்ஸ்டன்ட் நூடுல்ஸே ‘சிக்கன் ராமென்’தான்.

மகிந்திரா சிட்டி, ஒரகடம் என்று நம் பக்கத்திலும் ஜப்பான் கம்பெனிகள் இருக்கின்றன. அங்கே வேலை பார்க்கும் ஜப்பான் இன்ஜினியர்களுக்கும் ஒரு கிண்ணம் ராமென் பக்கத்தில் கிடைத்தால் கசக்கவா போகிறது? மாமல்லபுரம் ஒத்தவாடைத் தெருவிலோ பாஸ்தா உண்டு, பான்கேக் உண்டு. கடற்கரை, வெள்ளைக்காரர்கள், நாட்டுக்கோழி எதற்கும் குறைவில்லை.

ஒத்தவாடைக் கடைக்கார அண்ணன்மார்களே, ஒரு அடுப்பைக் கோழி ராமெனுக்கென்று ஒதுக்குங்கள். எலும்பு கரையும்வரை கொதிக்கட்டும், அவசரமில்லை. கடிக்கவும் கோழியையே போடுங்கள்.