புதுமனை எழினி இயல்

புதுவீட்டுக்குக் கைத்தறித் திரைச்சீலை போட நினைப்பவர்கள் முதலில் சன்னலை அளக்கிறார்கள், பிறகு துணி தேடிப் போகிறார்கள். இத்துறையின் குழப்பங்கள் யாவும் இந்த முறைகேட்டில் பிறந்தவை. துணியை அளந்த பிறகே சன்னல் வைக்க வேண்டும் என்று நிறுவுவது இக்கட்டுரையின் நோக்கம்.

துறையின் ஆதிநூல் சிலப்பதிகாரம். மாதவி ஆடிய அரங்குக்கு அரங்கேற்று காதை மூன்று திரைகளைச் சொல்கிறது. ஒரு பக்கமாக இழுபடுவது ஒருமுக எழினி. இரு பக்கமிருந்தும் வந்து நடுவில் கூடுவது பொருமுக எழினி. மேலிருந்து இறங்குவது கரந்துவரல் எழினி. இன்றைய கடையில் தலையணை கனத்துக்கு இருக்கும் மாதிரிப் புத்தகத்தை எத்தனை முறை புரட்டினாலும் நான்காவது வகை தட்டுப்படாது. ‘ரோமன் பிளைண்ட்’ என்று கடைக்காரர் எடுத்துக் காட்டுவது கரந்துவரல் எழினியே. விலை மட்டும் இடைச்செருகல்.

இனி அகலம். கைத்தறித் துணியின் அகலம் மனிதக் கையில் தொடங்குகிறது. ஊடை நூலைக் குறுக்கே கொண்டுபோகும் நாடாவை ஒரு கையால் எறிந்து மறு கையால் பிடித்த காலத்தில், இரு கை எட்டும் தூரம்தான் துணி. அதற்கு மேல் வேண்டுமானால் தறியில் இருவர் உட்கார வேண்டும். 1733-இல் ஜான் கே என்ற ஆங்கிலேயர், கயிற்றைச் சுண்டினால் நாடா தானே ஓடும் வழியைக் கண்டார். அகலம் கூடிற்று. சென்னிமலையிலும் கண்ணூரிலும் படுக்கை விரிப்பு நெய்யும் அகலத் தறிகள் இருக்கின்றன. ஆனாலும் மீட்டர் கணக்கில் கைக்கு எளிதாக அகப்படும் கைத்தறித் துணி பெரும்பாலும் 48 அங்குலத்தை ஒட்டியே நிற்கிறது. படுக்கை விரிப்பையே திரையாக்கலாமே என்பாரும் உளர். அது பொருந்தாது. ஊரிலிருந்து நான்கு பேர் வந்திறங்கும் இரவில் அந்தத் திரை கட்டிலுக்கு இறங்கிவிடும்.

திரை மடிப்பு மடிப்பாய்த் தொங்க, கம்பி நீளத்தைப் போல் இரு மடங்கு துணி வேண்டும் என்பது தையற்காரர் மரபு. துணியின் முழு அகலம் ஒரு வீச்சு. நான்கடிக் கம்பிக்கு 96 அங்குலம், அதாவது சரியாக இரண்டு வீச்சு. ஆளுக்கொரு பக்கமாக வந்து நடுவில் கூடும். இச்சன்னல் உத்தமம். ஐந்தடிக்கு இரண்டரை வீச்சு. அந்த அரை வீச்சுக்காகத் துணியை நீளவாக்கில் வெட்டினால் ஒரு கரை போய்விடும். ஊடை நூல் திரும்பி வருகிற இடம் கரை. அது போனால் நூல் பிரியத் தொடங்கும், மடித்துத் தைக்க வேண்டியதுதான். இது மத்திமம். ஆறடிக்கு மூன்று வீச்சு. கரைக்குப் பங்கமில்லை, ஆனால் மூன்றை இரு பக்கத்துக்குப் பிரித்தாக வேண்டும். இடப்பக்கம் இரண்டு என்பது மாமியார் மரபு, வலப்பக்கம் இரண்டு என்பது மருமகள் மரபு. இருவருக்கும் உரையாசிரியர்கள் உண்டு. ஆகவே அதமம். வரவேற்பறைக்கு ஆறடிதான் எடுப்பாக இருக்கும் என்று பொறியாளருக்கு யார் சொல்லிக் கொடுத்தார்களோ!

கம்பி நுழையும் வளையங்கள் இரட்டைப்படையில் இருக்க வேண்டும். அப்போதுதான் திரையின் இரு ஓரமும் சுவர்ப் பக்கமாக ஒதுங்கி நிற்கும். ஒற்றைப்படையானால் ஓரம் ஒன்று சுவரைப் பார்க்கும், மற்றொன்று வருகிறவரைப் பார்க்கும். மொய் எழுதும் பழக்கத்தில் ஒன்பது, பதினொன்று என்று தையற்காரரிடம் சொல்லிவிடக் கூடாது.

காலத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. தையில் பால் காய்ச்ச நாள் குறித்தவர்கள், தீபாவளிச் செலவையும் முடித்துக்கொண்டு கார்த்திகையில் தறிக்காரரைத் தேடிப் போகிறார்கள். வெளியே அடைமழை. நெடுக்கு நூலான பாவைத் தெருவில் நீள விரித்துக் கஞ்சி போட்டு வெயிலில் உலர்த்தியாக வேண்டும். மழையில் அது நடவாது. குழித்தறியானால் கால் வைக்கும் குழியிலேயே நீர் ஊறும். “வெயில் வரட்டுங்க” என்கிறார் அவர். போனவருக்கு அது சாக்காகப் படுகிறது. ஆவணியில் போயிருந்தால் இந்த உரையாடலே இல்லை. போகும்போது வீட்டுக்கு வேண்டிய மொத்தத்தையும் ஒரே பாவில் கேட்டுவிட வேண்டும். நூலுக்குச் சாயம் சிறு சிறு அளவாக ஏறுகிறது, அடுத்த முறை அதே நீலம் வராது. இரு நீலங்களுக்கும் உள்ள வேறுபாட்டைக் கணவர்கள் வாழ்நாள் முழுதும் அறிவதில்லை. நாத்தனார் செருப்பைக் கழற்றும்போதே அறிவார்.

நீளத்தைப் பற்றி ஒரே விதி: தைக்கும் முன் துணியை நனைத்து உலர்த்துக. பருத்தி சுருங்கும். இவ்விதியை மீறிய வாசல் திரைகள் முதல் சலவையிலேயே தரையை விட்டு எழுந்துவிடும். மேற்கு வெயில் விழும் சன்னலுக்கு மஞ்சள்கிழங்குச் சாயம் ஆகாது, விரைவில் வெளுக்கும்.

இங்கே ஒரு மறுப்பைக் கவனிக்க வேண்டும். தமிழ்நாட்டில் கணிசமான வீடுகளில் சமையலறைச் சன்னலுக்கு யாரும் திட்டமிடுவதில்லை. வீட்டுக்காரரின் பழைய குறிஞ்சிப்பாடி லுங்கி ஒன்றை இரண்டு ஆணிக்கு நடுவே கயிறு கட்டித் தொங்கவிடுகிறார்கள். ஆராய்ந்தால், அது கைத்தறி. கரை இரண்டும் முழுதாக இருக்கின்றன. சுருங்க வேண்டியது சுருங்கி முடிந்தது. போக வேண்டிய சாயம் போயாயிற்று. ஒரே வீச்சாதலால் பங்கீட்டு வழக்கும் இல்லை. வளையமே இல்லாததால் ஒற்றையா இரட்டையா என்ற கேள்வியும் எழாது. இவ்வியலின் விதிகள் அனைத்துக்கும் உட்பட்டு இதுவரை காணக்கிடைத்த ஒரே திரை அது. வகையால் ஒருமுக எழினி. வீட்டுக்காரர் மட்டும் அதை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்.