டிராகனுக்கு அஞ்சாதவர் கோழிக்கு அஞ்சுவது ஏன்? திறந்த உலக வீடியோ கேம்கள் பற்றி நாமக்கல் நோக்கில் ஓர் ஆய்வு

ஆய்வுச் சிக்கல்

ராசிபுரத்தில் இரவுச் சாப்பாடு முடிந்து கம்ப்யூட்டர் முன் உட்காரும் கல்லூரி மாணவர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவர் ஆடுவது, 11-11-2011 அன்று பெத்தெஸ்டா நிறுவனம் வெளியிட்ட ‘ஸ்கைரிம்’. தலை வெட்டப்படவிருந்த கைதியாக ஆட்டத்தைத் தொடங்கி, டிராகன் வந்து ஊரைக் கொளுத்திய களேபரத்தில் தப்பி, மலையிறங்கி ரிவர்வுட் என்ற சிற்றூருக்கு வந்து சேர்கிறார். கையில் வாள் இருக்கிறது. வீசிப் பார்க்கும் ஆசையும் இருக்கிறது. குறுக்கே ஒரு கோழி போகிறது.

அவ்வளவுதான். ஊரே ஆயுதத்தோடு பாய்ந்து வருகிறது.

கட்டிலில் சாய்ந்தபடி இதைப் பார்த்துக்கொண்டிருக்கும் தாத்தா கேட்கிறார்: “ஏங்கண்ணு, அத்தாம் பெரிய பாம்பு நெருப்பக் கக்குனப்ப பாதிப் பேரு ஓடுனானுங்க. ஒத்தக் கோழிக்கு இத்தன பேரு வாரானுங்களே?”

“கோழி அந்த ஊர்க்காரங்களுதுங்க அப்பாரு.”

“அப்பறம் உடுவானுங்களா?”

வீடியோ கேம் ஆய்வாளர்கள் வன்முறை பற்றிப் பேசுவார்கள், படிப்புக் கெடுவது பற்றிப் பேசுவார்கள், கிராபிக்ஸ் பற்றி நாள் முழுக்கப் பேசுவார்கள். கோழி என்று வந்தால் வாய் திறப்பதில்லை. அவர்களில் நாமக்கல்காரர் எவரும் இல்லாததே காரணம் என்று இக்கட்டுரை ஐயுறுகிறது. இதன் கருதுகோள் வருமாறு: திறந்த உலக விளையாட்டில் எங்கும் போகலாம், எதையும் செய்யலாம் என்பது விற்பவர் சொல்லும் பேச்சு. அந்தச் சுதந்திரம் எங்கே முடிகிறது என்று ஆடுபவருக்கு அறிவிக்கும் அதிகாரம் பெற்ற ஒரே உயிர் கோழி.

களம்

ஆய்வுக்குச் சேலம், நாமக்கல் வட்டாரத்தைத் தேர்ந்ததற்கு நியாயம் உண்டு. மாயாஜாலம் இங்கே இறக்குமதிச் சரக்கு அல்ல. 1956-இல் ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ படத்தை முழுநீள வண்ணப் படமாகத் தமிழுக்குத் தந்தது சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ். மலையேற்றமும் புதிதல்ல, கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள். பார்த்தவரைச் சிரித்தே கொல்லும் கொல்லிப்பாவை அங்கே இருக்கும்போது, இறுதிக்கட்ட அரக்கிக்கு ஜப்பான் வரை போக வேண்டியதும் இல்லை. ஆனாலும் இவை துணைச் சான்றுகளே. 1997-இல் சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான நாமக்கல்லுக்கு, கோழியைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும் உரிமை நாடறிந்தது.

சான்றுகள்

ஸ்கைரிமில் ஊர்க்கோழியைக் கொல்வது குற்றம். கொன்றவர் தலைக்கு விலை வைக்கப்படும். யாரும் பார்க்கவில்லை என்றால் குற்றமே இல்லை. பார்த்த கடைசி சாட்சியையும் தீர்த்துக்கட்டினால் வழக்கு தள்ளுபடி. விளையாட்டு உருவாகிக்கொண்டிருந்தபோது கோழிகளே குற்றங்களைப் புகார் செய்யும் பிழை ஒன்று இருந்ததாக, அதன் இயக்குநர் டாட் ஹோவர்ட் பின்னர் சொன்னார். அதைப் பிழை என்று அவர்கள் கருதியதுதான் பிழை என்பது இக்கட்டுரையின் துணிபு.

நின்டென்டோவின் ‘செல்டா’ வரிசையில் கோழி காவல்நிலையத்தை நம்புவதில்லை. அங்கே அதன் பெயர் குக்கூ. 1991-இல் வந்த ‘எ லிங்க் டு த பாஸ்ட்’ தொட்டு, ஒரு கோழியை விடாமல் வெட்டினால் எங்கிருந்தோ ஒரு படை பறந்து வந்து கொத்தித் தீர்க்கும். அந்தப் படையைக் கொல்ல முடியாது. உலகைக் காக்கப் பிறந்த வீரன் ஏதாவது வீட்டுக்குள் ஓடி ஒளிவது ஒன்றே வழி. 2017-இல் வந்த ‘பிரெத் ஆஃப் த வைல்ட்’ அதே மரபைக் காக்கிறது. அதில் கோழியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக் குன்றிலிருந்து குதித்தால் மெல்லத் தரையிறங்கலாம் என்பதும் பதிவு செய்யத்தக்கது.

கோழி தேடும் பணியும் உண்டு. 1998-இன் ‘ஒகரினா ஆஃப் டைம்’ விளையாட்டில் ககாரிகோ கிராமத்துப் பெண் ஒருத்திக்குக் காணாமல் போன 7 கோழிகளைப் பிடித்துத் தந்தால் பரிசாக ஒரு பாட்டில் கிடைக்கும். 2017-இல் அதே பெயருள்ள கிராமத்தில் தேட வேண்டியவை 10. இடைப்பட்ட 19 ஆண்டுகளில் அந்த ஊரில் பட்டிக்குக் கதவு போட எவருக்கும் தோன்றவில்லை. இளவரசி கோட்டைக்குள் அரக்கனோடு மல்லுக்கு நிற்க, வீரன் கூரை மேல் கோழி துரத்திக்கொண்டிருப்பான். 2004-இன் ‘ஃபேபிள்’ இன்னும் வெளிப்படை: அதில் நாயகனுக்குக் கிடைக்கும் முதல் பட்டமே ‘கோழி விரட்டி’.

இங்கே ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. டிராகனை அடித்தால் அது திருப்பி அடிக்கும். அதில் செய்தி எதுவும் இல்லை. புதிய உலகத்துக்குள் வந்தவர், இந்த உலகம் தன்னைக் கவனிக்கிறதா என்று சோதிக்க விரும்புகிறார். சோதனைக்கு மலிவான, பலவீனமான, யாரோ ஒருவருக்குச் சொந்தமான ஓர் உயிர் வேண்டும். கோழியை விட்டால் வேறு நாதியில்லை. அதன் வழியாகத்தான் அந்த உலகம் முதல்முறையாகப் பதில் பேசுகிறது. வடிவமைப்பாளர்கள் அந்தப் பதிலை அவ்வளவு சிரத்தையோடு எழுதி வைத்திருப்பது இதனால்தான்.

சட்டப் பார்வை

ரிவர்வுட் மக்கள் மிகையாக நடந்துகொண்டார்களா? பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 428-ஆம் பிரிவு, பத்து ரூபாயோ அதற்கு மேலோ மதிப்புள்ள விலங்கைக் கேடு செய்யும் நோக்கில் கொன்றால் இரண்டாண்டு வரை சிறை என்றது. நாமக்கல்லில் எந்தக் கோழியும் பத்து ரூபாய்க்குக் கீழே இல்லை. 2024 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ஆம் பிரிவு ரூபாய்க் கணக்கை நீக்கிவிட்டு, தண்டனையை ஐந்தாண்டு வரை உயர்த்தியது. ஆக, 2011-இல் ஸ்கைரிம் காட்டிய கடுமையை நோக்கி இந்தியச் சட்டம் நகர்ந்திருக்கிறது என்று வாதிடலாம். வாதிட்டால் வெல்லலாமா என்பது வேறு.

உற்பத்திப் பார்வை

‘மைன்கிராஃப்ட்’ கோழி 5 முதல் 10 நிமிடத்துக்கு ஒரு முட்டை இடும். விளையாட்டை ஒரு நாள் முழுக்க ஓடவிட்டால் குறைந்தது 144, கூடினால் 288. நாமக்கல் ஷெட்டில் நிற்கும் லேயர் கோழிக்கு ஒரு முட்டை உருவாக ஏறக்குறைய 25 மணி நேரம் ஆகும். ஓராண்டுக்கு 300-ஐ ஒட்டி இட்டால் நல்ல கோழி. அதாவது இந்த ஊர்க் கோழியின் ஓராண்டு உழைப்பை அந்தக் கோழி முழு வேகத்தில் இட்டால் ஏறக்குறைய ஒரே நாளில் முடித்துவிடுகிறது. அதுவும் தீவனமே தின்னாமல். இங்கே ஒரு கோழிக்கு நாளொன்றுக்கு நூறு கிராமுக்குக் குறையாமல் மக்காச்சோளமும் சோயாவும் போட்டாக வேண்டும். பண்ணைக்காரரின் கையைக் கடிப்பதே அந்தச் செலவுதான்.

மைன்கிராஃப்ட் முட்டையை வீசி எறிந்தால் எட்டில் ஒரு பங்கு வாய்ப்பில் குஞ்சு வரும். சேவலே இல்லாத நாமக்கல் பண்ணை முட்டையை வீசி எறிந்தால் சுவர் நாறும்.

இதைவிடப் பெரிய குறை விலை. ஸ்கைரிமில் முட்டை ஒரு ரசவாதப் பொருள். கொட்டலசோடு சேர்த்துக் காய்ச்சினால் நீருக்குள் மூச்சுவிடும் மருந்து கிடைக்கும். இத்தனை மகிமை இருந்தும் அதன் அடிப்படை மதிப்பு ஆண்டுக்கணக்கில் மாறுவதில்லை. 1982-இல் தொடங்கிய தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு நாமக்கல் மண்டலத்துக்கு அறிவிக்கும் பண்ணை விலையோ ஐந்து காசு ஏறும், பத்து காசு இறங்கும். வியாபாரிகள் போனை எடுப்பார்கள், லாரிகள் திசை மாறும். சந்தை நிலவரம் தெரியாத உலகத்தைத் திறந்த உலகம் என்று ஏற்க முட்டை வியாபாரிகள் தயங்குவார்கள்.

வானிலைப் பார்வை

‘பிரெத் ஆஃப் த வைல்ட்’ வானிலைக்குப் புகழ் பெற்றது. மழை பெய்தால் பாறை வழுக்கும். இடி இடித்தால் இரும்பு வாளைக் கழற்றிவிட வேண்டும். ஆனால் பாலைவன வெயிலில் வீரன் சுருளும்போது கோழியின் கதி என்ன என்று அவ்விளையாட்டு கேட்பதில்லை. 1985-இல் தொடங்கிய நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் வானிலை ஆலோசனை மையம் கேட்கிறது. காற்று எந்தத் திசை, ஈரப்பதம் எவ்வளவு, வெப்ப அயற்சி வராமல் கோழிக்கு என்ன தர வேண்டும் என்று அது தரும் அறிக்கைகள் நாளிதழ்களில் வருகின்றன. மனிதர்களுக்கான செய்தியை அதிலிருந்து மனிதர்களே ஊகித்துக்கொள்ள வேண்டும்.

மறுப்பும் விடையும்

கோழியை இவ்வளவு மதிக்கும் ஊர் அதைக் கூண்டில் அல்லவா வைத்திருக்கிறது என்று ஒருவர் கேட்கலாம். கேள்வி நியாயமானது. ‘செல்டா’ நடக்கும் ஹைரூல் நாட்டுக் கோழி நினைத்த இடம் போகிறது. நாமக்கல் லேயர் கோழி இரண்டு மூன்று தோழிகளோடு கம்பி வலைக்குள் நின்று ஆயுளைக் கழிக்கிறது. விளையாட்டுக் கோழிக்கு ஒரு படையே துணைக்கு வருவதும் அது வெளியே திரிவதால்தான். நாமக்கல்லில் குக்கூ மரபு நடைமுறைக்கு வந்தால், கோடிக்கணக்கில் இருக்கும் கோழிகள் முதலில் யாரைத் தேடி வரும் என்பதை ஆராயும் துணிவு இக்கட்டுரைக்கு இல்லை.

பரிந்துரைகள்

ஒன்று: இனி வரும் விளையாட்டுகளில் முட்டை விலை தினமும் மாற வேண்டும். இரண்டு: கோழி தேடும் பணிக்குப் பரிசாக வெறும் பாட்டில் தரும் வழக்கம் ஒழிய வேண்டும், 30 முட்டை கொண்ட ஓர் அட்டையாவது தரலாம். மூன்று: ‘பிரெத் ஆஃப் த வைல்ட்’ சமையல் சட்டியில் காட்டுப் பறவைக் கறி வேகும், கோழிக்கறி வேகாது. இந்தத் தடையை நீக்கிப் பள்ளிப்பாளையம் சிக்கனைச் சேர்க்க வேண்டும். இதில் தொழில்நுட்பச் சிக்கல் ஒன்று உண்டு. அந்தச் சட்டியில் ஐந்து பொருள்களுக்குத்தான் இடம். கோழி, சின்ன வெங்காயம், வரமிளகாய், தேங்காய்ப் பல், கறிவேப்பிலை போட்டதும் கணக்கு முடிந்துவிடுகிறது. உப்பை எங்கே போடுவது என்பது மேலாய்வுக்குரியது. கறிவேப்பிலையை எடுத்துவிடலாம் என்ற யோசனை பள்ளிப்பாளையத்தில் எடுபடாது.