அவரையும் கூட்டத்துக்குக் கூப்பிடுவது எப்படி?

மாவட்டச் சுகாதாரத் திட்டக் கூட்டம் என்றால் எச்.ஐ.வி. உள்ளவர் ஒருவரையாவது கூப்பிட்டாக வேண்டும். 1994 டிசம்பர் முதல் தேதி பாரிஸில் 42 நாடுகள் கையெழுத்துப் போட்டு இழுத்துவிட்ட வினை இது. நம் நாடும் அதில் உண்டு. கவலை வேண்டாம், வழி இருக்கிறது.

கூட்டத்தைப் புதன்கிழமை காலை பதினோரு மணிக்கு வையுங்கள். கூலி வேலைக்குப் போகிறவருக்கு ஒரு நாள் கூலி போகும். எச்.ஐ.வி. மருந்து தரும் ஏ.ஆர்.டி. மையத்தில் மாத்திரை வாங்க ஏற்கெனவே கூலியை விடுகிறவர்தானே, பழகியிருக்கும். பஸ் காசு கேட்டால் "வவுச்சர் பாஸாகட்டும்" என்று சொல்லுங்கள்.

வந்ததும் மைக்கில், "இவங்க பாசிட்டிவ்" என்று அறிமுகப்படுத்துங்கள். எழுத்துப்பூர்வமான ஒப்புதல் இல்லாமல் அதை வெளியே சொல்லக் கூடாது என்று 2017ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. 2018 செப்டம்பரில்தான் அமலுக்கு வந்தது; அதற்குள் படித்து முடிக்க நமக்கு எங்கே நேரம்?

அடுத்து, கதை கேளுங்கள். எப்போது தெரிந்தது, வீட்டில் என்ன சொன்னார்கள்? கண் கலங்கினால் போட்டோவுக்கு நல்லது. முதுகுப் பக்கமாக எடுங்கள், நாம் நாகரிகம் தெரிந்தவர்கள்.

யோசனை சொல்ல வாயெடுத்தால் மட்டும் உஷார். போன முறை ஓர் அம்மா எழுந்து, "ஐயா, பஸ் குலுங்கினா மாத்திரை டப்பா கலகலங்குது. பக்கத்து சீட்டுல 'என்ன மாத்திரை?'ன்னு கேக்குறாங்க. பஞ்சு அடைச்சு எடுத்துட்டுப் போறேன். அட்டையில குடுக்க முடியாதா? ஞாயித்துக்கிழமை ரெண்டு மணி நேரம் கவுன்ட்டரைத் திறந்தா எங்களுக்குக் கூலியும் போகாதே?" என்றார். மருந்தைப் பாதியில் விடுகிறவர்கள் ஏன் விடுகிறார்கள் என்று அதுவரை நாங்கள் 48 ஸ்லைடு பார்த்திருந்தோம். அந்தக் கலகலப்பு ஒரு ஸ்லைடிலும் கேட்கவில்லை.

இப்படி நேர்ந்தால், "நல்ல பாயின்ட்ம்மா, மினிட்ஸ்ல ஏத்திடலாம்" என்று சொல்லிவிட்டு டீக்கு ஆளனுப்புங்கள். மினிட்ஸில் 'விவாதிக்கப்பட்டது' என்று எழுதினால் போதும். அந்தச் சொல்லுக்குப் பிறகு யாரும் எதுவும் செய்ய வேண்டியதில்லை. டீ வரும்போது அவருக்கு மட்டும் பேப்பர் கப் நீட்டாதீர்கள். டம்ளரில் எச்.ஐ.வி. தொற்றாது என்ற போஸ்டர் அவர் தலைக்கு மேலேதான் தொங்குகிறது. எல்லாருக்குமே பேப்பர் கப் வாங்கிவிடுங்கள்.

பட்ஜெட் பேச்சு சாப்பாட்டுக்கு அப்புறம். அதற்குள், "ஊருக்குப் போக நேரமாச்சேம்மா" என்று வாசல்வரை போய் வழியனுப்புங்கள். வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கியாகிவிட்டதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு சிக்கல். எச்.ஐ.வி. உள்ளவர்கள் தாங்களாகவே 1997இல் சென்னையில் அகில இந்தியக் கூட்டமைப்பு ஒன்றைத் தொடங்கினார்கள். அதிலிருந்து மாவட்டத்துக்கு மாவட்டம் சங்கம். அந்த அம்மாவும் ஏதோ சங்கம் போலிருக்கிறது. கையெழுத்துப் போட்ட கையோடு, "மினிட்ஸ் நகல் ஒண்ணு குடுங்க சார்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். அதற்கு என்ன செய்வது என்று எனக்கும் இன்னும் பிடிபடவில்லை.