வேதக்கார அண்ணாச்சி

பாளையங்கோட்டையில் வேதக்கார அண்ணாச்சி வீட்டைக் கண்டுபிடிக்க விலாசம் வேண்டாம். கேட்டில் சிலுவை, நிலைக்கு மேலே ஒரு வசனம், கார்க் கண்ணாடியில் இன்னொரு வசனம். அந்தக் கார் முருகன்குறிச்சியில் ஆட்டோவை உரசினால் அவர் வாயிலிருந்து வருபவை மட்டும் எந்த ஆகமத்திலும் கிடையாது.

ஞாயிறு ஆராதனைக்கு வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, ஜிப் உறைக்குள் பைபிள். "1826-ல ரேனியஸ் ஐயர் ஊசிக்கோபுரம் கோயில் கட்டும்போதே நாங்க வேதக்காரங்கல்லா" என்பார். ரேனியஸ் நேற்றுத்தான் அவர் வீட்டில் காபி குடித்துவிட்டுப் போனமாதிரி இருக்கும்.

அசனப் பண்டிகையில் எல்லாருக்கும் ஒரே பந்திதான். அண்ணாச்சியும் உட்காருவார். ஆனால் பக்கத்து இலைக்காரரிடம், "தம்பிக்கு எந்த ஊரு? யாரு மவன்?" என்று நூல்விட்டுப் பார்த்து, சங்கதி பிடிபட்ட பிறகுதான் சோற்றில் கை வைப்பார். அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு தேங்காயை ஆயிரம் ரூபாய்க்கு எடுத்தவர், வீட்டு வேலைக்கு வரும் அக்கா சம்பளம் கேட்டதும், "காணிக்கைக்கே சரியாப் போச்சு, அடுத்த மாசம் பாப்போம்" என்றார்.

போன மாதம் சபையில் புதிதாக ஞானஸ்நானம் பெற்ற பையன் முருகன் என்ற பேரையே வைத்துக்கொண்டான். அண்ணாச்சி கொதித்துப்போனார். "பேர மாத்தாதவன் என்ன வேதக்காரன்?"

"அண்ணாச்சி, நீங்க கண்ண மூடிக்கிட்டுப் பாடுதியளே கீர்த்தனை, அதுல சிலது கிருஷ்ண பிள்ளை எழுதினதுல்லா?" என்றேன். கரையிருப்பில் 1827-இல் வைணவக் குடும்பத்தில் பிறந்தவர். 1858-இல் சென்னையில் ஞானஸ்நானம் பெற்றார். 1894-இல் வெளிவந்த இரட்சணிய யாத்திரிகத்தைக் கம்பனின் வாடை வீசப் பாடினார். கிருஷ்ணன் கடைசிவரை அவர் பேரில்தான் இருந்தான். யாருடைய இரட்சிப்பும் அதனால் கெட்டுப்போகவில்லை.

அண்ணாச்சி கொஞ்சநேரம் யோசித்தார். "ஹெச்.ஏ. கிருஷ்ண பிள்ளைல்லா? அந்த ஹெச்.ஏ. என்னது?"

"ஹென்றி ஆல்பிரட்."

"பாத்தியா! முன்னால ஹென்றி இருக்குல்லா!" என்று நிம்மதியாக மூச்சுவிட்டார்.

அண்ணாச்சி இந்தத் தடவை சேகரக் கமிட்டிக்கு நிற்கிறார். சபையாரே, நோட்டீசில் போட்டிருக்கும் வசனத்தைப் பிறகு படித்துக்கொள்ளலாம். முதலில் அந்த வேலைக்கார அக்காவுக்குச் சம்பளம் வந்துவிட்டதா என்று கேட்டுவிட்டு ஓட்டுப் போடுங்கள்.