64 ஸ்லைடும் ஒரு தலைமையாசிரியரும்

திருவண்ணாமலை திருவூடல் தெருவில் எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை. ஜெராக்ஸ், டி.டி.பி., லேமினேஷன், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ என்று போர்டில் எழுதியிருக்கும். எழுதாமலே வந்து ஒட்டிக்கொண்ட வேலை, பிபிடி என்கிற பவர்பாயின்ட் ஸ்லைடு. தை மாதம் இரண்டாம் நாள் அண்ணாமலையாரும் அம்மனும் ஊடல் கொள்கிற தெரு இது. அவர்களுக்கு வருஷத்தில் ஒரு நாள்தான் சண்டை. எனக்கும் பிபிடி கேட்டு வருகிறவர்களுக்கும் தினம் தினம்.

"அஞ்சு நிமிஷ வேலைதாண்ணா" என்றுதான் ஆரம்பிப்பார்கள். ராத்திரி ஒன்பதுக்குப் பாதி ஷட்டரை இறக்கியிருப்பேன். இன்ஜினீயரிங் பையன் ஒருவன் குனிந்து உள்ளே வருவான். காலையில் வைவா. பென்டிரைவில் எங்கிருந்தோ எடுத்த நாலு பக்கம் இருக்கும். அதை அப்படியே ஒரே ஸ்லைடில் இறக்கிவிட்டு, "எழுத்தைக் கொஞ்சம் சின்னதாக்கினா பத்தும்ணா" என்பான். கிரிவலப் பாதையில் இடுக்குப் பிள்ளையாருக்குள் ஒருக்களித்து நுழைகிற பருத்த உடம்புக்காரரைப் பார்த்திருக்கிறீர்களா? அந்த நாலு பக்கமும் அப்படித்தான் உள்ளே போகும். போனது வெளியே வராது. கடைசி பெஞ்சிலிருந்து பார்த்தால் பிரம்மா வந்தாலும் முடி தெரியாது, விஷ்ணு வந்தாலும் அடி தெரியாது. முப்பது பாயின்டுக்குக் கீழே எழுத்தைக் குறைக்க மாட்டேன் என்று நான் பிடிவாதம் பிடிப்பதற்கு இதுதான் காரணம். பையன்கள் அதைக் கஞ்சத்தனம் என்று நினைக்கிறார்கள்.

இந்த பவர்பாயின்ட் எங்கள் மாவட்டத்தைவிட இரண்டு வயது மூத்தது. ராபர்ட் காஸ்கின்ஸும் டென்னிஸ் ஆஸ்டினும் மேக்கின்டோஷுக்காக உருவாக்கிய இது 1987இல் வெளிவந்தது; அதற்கு முதலில் வைத்திருந்த பெயர் 'பிரசென்டர்'. அதே வருஷம் மைக்ரோசாஃப்ட் 1 கோடியே 40 லட்சம் டாலர் கொடுத்துக் கம்பெனியையே வாங்கிவிட்டது. நான் ஸ்லைடுக்குப் பத்து ரூபாய் வாங்குகிறேன். அதிலும் பேரம்.

என் வாடிக்கையாளர்களில் தலைசிறந்தவர் ஓய்வுபெற்ற ஒரு தலைமையாசிரியர். ஊர் வரலாறு பற்றி ஒரு கல்யாண மண்டபத்தில் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். 64 ஸ்லைடு. நாயன்மார் எண்ணிக்கையைவிட ஒன்று அதிகம் என்றேன். சிரிக்கவில்லை. "அந்த ஒண்ணு நன்றி ஸ்லைடுப்பா" என்றார்.

ராஜகோபுரத்துக்கு மட்டும் மூன்று சாயங்காலம் உட்கார்ந்தோம். 217 அடி, பதினோரு நிலை. ஒவ்வொரு கிளிக்குக்கும் ஒரு நிலை மேலிருந்து பறந்து வந்து உட்கார வேண்டும் என்றார். கிருஷ்ணதேவராயர் தொடங்கி சேவப்ப நாயக்கர் முடித்த கோபுரம். இங்கே நான் தொடங்கி நானே முடிக்க வேண்டியிருந்தது. உச்சியில் கலசம் 'பவுன்ஸ்' ஆக வேண்டும் என்றபோது, "சார், கலசம் குதிச்சா மறுபடியும் கும்பாபிஷேகம் பண்ணணும்" என்றேன். அதை மட்டும் விட்டுக்கொடுத்தார். படமெல்லாம் பேரன் போனில் எடுத்தவை. ஃபைல் வீங்கி நகர மறுத்தது. 'கம்ப்ரஸ் பிக்சர்ஸ்' என்று ஒரு வசதி உண்டு. அதைத் தட்டியதும் சதை கரைந்து இளைத்தது. என் வீட்டிலும் அப்படி ஒரு பொத்தான் வேண்டும் என்று மனைவி சொல்கிறாள். யாருக்கு என்று சொல்லவில்லை.

பேச்சு நடுவில் யாராவது எழுந்து, "ஐயா, அந்த வாயு லிங்கம் படத்தை இன்னொரு தடவை" என்பார்கள். உடனே நம்மவர்கள் பின்னால் போகும் அம்புக்குறியை அழுத்தி, குபேர லிங்கம், அதற்கு முன்னால், அதற்கும் முன்னால் என்று இடவலமாகச் சுற்றுவார்கள். கிரிவலத்தில் அப்படிச் சுற்றுவதில்லையே! ஸ்லைடு எண்ணைத் தட்டி என்டர் அழுத்தினால் நேரே அங்கே போய் நிற்கும். ஆகவே கிரிவலப் பாதையின் எட்டு லிங்கத்துக்கும் எண் எழுதி, சார் கையில் ஒரு துண்டுச் சீட்டு கொடுத்தேன். எஃப் ஃபைவ் அழுத்தினால் முதலிலிருந்து ஓடும், ஷிஃப்டோடு அழுத்தினால் நிற்கிற இடத்திலிருந்து ஓடும் என்பதையும் அதில் எழுதினேன். சீட்டைச் சட்டைப் பையில் வைத்தார். சட்டை அன்றே துவைக்கப் போய்விட்டது.

மண்டபத்தில் அவர்களுடைய லேப்டாப். புரொஜெக்டரை மாட்டினோம், திரை நீலமாகவே நின்றது. நாலு பேர் வந்து நாலு விதமாக வயரை ஆட்டினார்கள். விண்டோஸ் பொத்தானோடு பி (P)-யை அழுத்தி 'டூப்ளிகேட்' என்றேன். வந்துவிட்டது. மண்டபமே என்னைப் பார்த்தது. என் பெருமை அதோடு சரி.

முதல் ஸ்லைடு நான் போட்டோஷாப்பில் செய்த படம், பிழைத்தது. இரண்டாவதில் கோபுரம் பதினோரு கிளிக்கில் ஏறியது, கைதட்டல். மூன்றாவதில் 'அருணாசலம்' என்று வர வேண்டிய இடத்தில் எம், யூ, இசட், எச், ஆர், ஒய், கே, கடைசியில் ஒரு அரைப்புள்ளி. சார் வீட்டில் பாமினி ஃபான்ட்டில் அடித்திருந்தார். என் கடையிலும் பாமினி இருந்தது. மண்டபத்து லேப்டாப்பில் இல்லை. தமிழ்நாடு அரசே 2010இல் யூனிகோடுக்கு மாறிவிட்டது. நம் ஊர் டி.டி.பி. கடைகள் இன்னும் பாமினியைப் பாட்டி நகைபோலப் பெட்டியில் வைத்திருக்கின்றன. யூனிகோடில் அடித்திருந்தால் விண்டோஸிலேயே இருக்கும் நிர்மலா காப்பாற்றியிருப்பாள். அல்லது சேமிக்கும்போது ஃபான்ட்டை ஃபைலுக்குள்ளேயே பதித்து வைக்கும் வசதியை நான் டிக் செய்திருக்க வேண்டும். செய்யவில்லை. "என் சிஸ்டத்துல நல்லாத்தான் சார் தெரிஞ்சுது" என்றேன். பிரம்மாவுக்காகப் பொய்சாட்சி சொன்ன தாழம்பூவும் இதே குரலில்தான் சொல்லியிருக்கும்.

வேறு வழி தெரியாமல் விசைப்பலகையில் பி (B)-யை மட்டும் அழுத்தினேன். ஸ்லைடு ஓடும்போது அதை அழுத்தினால் திரை கறுப்பாகும், இன்னொரு தடவை அழுத்தினால் திரும்பி வரும். நான் இன்னொரு தடவை அழுத்தவில்லை.

"கரண்ட் போச்சா?" என்றார் சார். தலைக்கு மேல் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. "ஆமாம் சார்" என்றேன்.

"சரி, வர்றவரைக்கும் சொல்றேன்" என்று ஆரம்பித்தார். சின்ன வயதில் மலை உச்சித் தீபக் கொப்பரைக்கு நெய் கொண்டுபோனவர்களோடு ஏறியது, இறங்கும்போது செருப்பு அறுந்தது, அதற்கு அப்பாவிடம் வாங்கிய அடி. 64 ஸ்லைடில் எதிலும் இல்லாத சங்கதி. முன்வரிசையில் தூங்கத் தயாராக இருந்தவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். முக்கால் மணி நேரம் கரண்ட் வரவே இல்லை.

மறுநாள் சார் கடைக்கு வந்தார். பேச்சு பிரமாதம் என்று ஊரே சொன்னதாம். 640 ரூபாய் பில்லை நீட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"திரையில வந்தது மூணு ஸ்லைடுப்பா. அதுலயும் ஒண்ணு இங்கிலீஷ்" என்று இருபது ரூபாய் எடுத்துவைத்தார்.

போன வாரம் மறுபடியும் வந்தார். தீபத் திருவிழா பற்றிப் பேசப்போகிறாராம், 72 ஸ்லைடு. யூனிகோடில் அடித்து, ஃபான்ட்டையும் உள்ளே பதித்துவிட்டேன். காசை முதலிலேயே எண்ணி வாங்கிக்கொண்டேன்.