பவளத்துக்கும் அரைப்பேர்

"எங்கள் ஆபிஸில் பவளம் இருக்கிறது" என்று இரத்தினபுரி டவுனில் வைத்துச் சொல்லக்கூடாது. போன வருடம் தேத்தண்ணிக் கடையில் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சாரமும் கைப்பையுமாக ஒரு கல் வியாபாரி நானா தோட்டத்து ஆபிஸ் வாசலில் வந்து நிற்கிறார்.

"எத்தன கரட்?"

பெரிய கிளாக்கர் ஐயா அவரை உள்ளே கூட்டிப்போய்க் காட்டினார். மேசையில் இரண்டடிக் கண்ணாடித் தொட்டி. உள்ளே நீல வெளிச்சத்தில், சட்டைப் பொத்தான் அளவில் பச்சையும் மண்ணிறமுமாய்ச் சில சாமான்கள் மெல்ல ஆடிக்கொண்டிருந்தன. நானா குனிந்து பார்த்தார், நிமிர்ந்து பார்த்தார், கண்ணாடியை மாட்டிக்கொண்டும் பார்த்தார். "செவப்பு எங்க?" என்றார். செவ்வாய்க்காக மோதிரத்தில் பதிக்கிற செம்பவளம் வேறு சாதி, மத்தியதரைக் கடலின் ஆழத்தில் வளர்வது, செத்த பிறகுதான் கடைக்கு வரும் என்று ஐயா பொறுமையாக விளக்கினார். "இது உசிரோட இருக்கு நானா. இதை விரல்ல போட முடியாது. இதுதான் நம்மள விரல்ல வச்சு ஆட்டும்."

ஐயாவை நான் எட்டு வருடமாகப் பார்க்கிறேன். அந்த வாக்கியத்தில் ஒரு எழுத்துக்கூட மிகையில்லை.

பெல்மதுளைப் பக்கம் ஒரு தோட்டம் எங்களுடையது. மேற்கணக்கில் தேயிலை, கீழ்க்கணக்கில் ரப்பர். கடலைப் பார்க்காமலே கிழவியாகிவிட்ட அம்மாமார் லயத்தில் இன்னும் இருக்கிறார்கள். அப்படிப்பட்ட இடத்தில் 60 லீட்டர் கடலை உயிரோடு வைத்திருப்பேன் என்று ஒரு மனிதர் பிடிவாதம் பிடிக்கிறார். இந்த ரகத்து ஆட்களில் இன்னும் இரண்டு பேரை எனக்குத் தெரியும். ஒருவர் கேகாலையில் பல் டொக்டர், மற்றவர் அவிசாவளையில் மருந்துக்கடை வைத்திருக்கிறார். தொழில் வேறானாலும் முகம் ஒன்றுதான். பேசும்போது கண் நம்மிடம் நிற்காது, தோளுக்கு மேலாகத் தொட்டிக்குப் போய்விடும். வீட்டில் யாருக்குக் காய்ச்சல் என்று கேட்டால் யோசித்துச் சொல்வார்கள். தொட்டிக்கு என்ன சூடு என்று கேட்டால் தசமத்தோடு வரும்.

ஆபிஸுக்குள் போகிறவர்களை மற்ற இடங்களில் "வாங்க" என்பார்கள். எங்கள் ஐயா, "கையைக் காட்டுங்க" என்பார். அதற்கு நியாயம் உண்டு. மேற்கணக்கில் கொப்புள நோய்க்குச் செம்பு மருந்து அடிக்கிறார்கள். அந்தச் செம்பு தேயிலைக்கு நல்லது, பவளத்துக்கும் இறாலுக்கும் எமன். மருந்தடித்த கையை ஒரு தடவை நனைத்தாலே தொட்டி காலி என்பது அவருடைய பயம். கீழ்க்கணக்கில் ரப்பர் பால் உறையாமல் இருக்க அமோனியா ஊற்றுகிறார்கள். புதுத் தொட்டிகளைக் கொல்வதில் முதல் ஆள் அதுதான். கழிவிலிருந்து வரும் அமோனியாவைத் தின்கிற பக்டீரியா கல்லிலும் மணலிலும் குடியேற நாலு, ஆறு கிழமை ஆகும். அதுவரை தொட்டியில் எதையும் விடக்கூடாது. மேலே செம்பு, கீழே அமோனியா, நடுவில் ஆபிஸ். தன் வாழ்க்கை இரண்டு எதிரிகளுக்கு இடையில் நடக்கிறது என்று ஐயா அடிக்கடி சொல்வார். துரையும் ஐயாவின் சம்சாரமும் அந்தக் கணக்கில் சேரவில்லை.

உப்புக் கதையைத் தனியாகச் சொல்லவேண்டும். தொட்டிக்கு ஒரு லீட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு. சாதா உப்பு ஆகாது. கல்சியம், மக்னீசியம் எல்லாம் கடலில் உள்ள அளவில் கலந்து பெட்டியில் வருகிற உப்புதான் வேண்டும். "ஆனையிறவு உப்பு கடையில மலிவாக் கெடக்கே" என்று சம்சாரம் சொன்னதற்கு ஐயா இரண்டு நாள் பேசவில்லை. அந்தப் பெட்டியைக் காவற்காரர் கண்டுபிடித்தார். அவர் அறிந்த வரையில் ஒரு மனிதன் உப்பை வாளிக்கணக்கில் வைத்திருக்க ஒரே காரணம்தான் உண்டு: அட்டை. மழை நாளில் மலைக்குப் போகிறவர்களுக்கு ஆளுக்கொரு பிடி அள்ளிக் கொடுத்துவிட்டார். வெளிநாட்டு உப்புப் பட்டு அன்று எங்கள் மலையில் எத்தனை அட்டை கௌரவமாகச் செத்ததோ.

2022இல் டொலர் இல்லாமல் போனபோது பெட்டி உப்பு கண்ணிலேயே படவில்லை. ஒரு போயா லீவுக்கு ஐயா களுத்துறைக்குப் போய் நாலு கேன் கடல் தண்ணீரை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்தார். கேனுக்கும் அரை டிக்கெட் கேட்டானாம் கொண்டக்டர். வந்ததும் உப்புமானியில் ஒரு சொட்டு விட்டு, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, கல் வியாபாரி நீலம் பார்ப்பது போல ஒற்றைக் கண்ணால் பார்த்தார். 1.025 காட்டவேண்டிய இடத்தில் 1.012. மழைக்காலத்தில் ஆற்றின் வாய்க்குப் பக்கத்தில் அள்ளியிருக்கிறார். எங்கள் ஓடைத் தண்ணீரெல்லாம் இரத்தினபுரியைத் தொட்டுக் களுகங்கையோடு போய்க் களுத்துறையில்தான் கடலில் விழுகிறது. பீலியில் இனாமாக ஓடுகிற தண்ணீரை, அது கடலைப் பார்த்த மறுநிமிடமே பிடித்து, டிக்கெட் போட்டுத் திரும்பக் கூட்டி வந்திருக்கிறார் மனுசன்.

மழை சங்கதியும் அப்படித்தான். இரத்தினபுரியில் வருடத்துக்கு 3,500 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. தொட்டியில் ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும்தான், உப்பு அங்கேயே நிற்கும். ஆகவே குறைகிற அளவுக்குத் தினமும் நல்ல தண்ணீர்தான் ஊற்றவேண்டும், உப்புத் தண்ணீரை ஊற்றினால் உவர்ப்பு ஏறிக்கொண்டே போகும். அதற்கு மழை போதாதா என்றால், தகரத்தில் விழுந்த மழை ஆகாது, தகரத்துப் பூச்சில் நாகம் இருக்கிறது. முற்றத்தில் பொலித்தீன் விரித்து, முதல் அரை மணி மழையை வீணாக்கிவிட்டு, பிறகு குடையோடு நின்று பிடிக்கிறார். யாழ்ப்பாணத்தில் என்றால் தொட்டிக்கு மேலே ஒரு சின்ன ஃபேன் போட்டால் தண்ணீர் ஆவியாகிச் சூடு இறங்கிவிடும். எங்கள் காற்றே ஈரத்துணி. ஃபேன் சுற்றும், சூடு அசையாது. 26 பாகையில் நிற்கவேண்டியது மார்ச்சில் 30ஐத் தொடும். சூடு நீடித்தால் பவளத்தின் தசைக்குள் குடியிருந்து அதற்குச் சோறு போடுகிற நுண்பாசி வெளியேறிவிடும், பவளம் வெளுத்துப்போகும். 1998இல் ஹிக்கடுவைக் கடலுக்கே அந்தக் கதி வந்தது. மார்ச்சில் ஐயா ஐஸ் போத்தலை மிதக்கவிட்டு, அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து மத்தியானச் சோறு தின்பார்.

நம் கடலில் பவளத்தை உடைத்தெடுப்பது குற்றம். அதனால் அவரிடம் இருப்பதெல்லாம் கொழும்புக் கூட்டாளி ஒருவரின் தொட்டியில் வளர்ந்த மென்பவளத் துண்டுகள்தான். எங்கள் நேர்சரியில் ஒரு இலையும் ஒரு கணுவுமாக வெட்டி வீ.பி. கன்று வைப்பது போல, பவளத்திலும் ஒரு துண்டு நறுக்கி சுப்பர் குளூவால் கல்லில் ஒட்டினால் பிழைத்துவிடும். பேசாமல் விட்டால் வளரும். ஐயாவால் முடியாததும் அதுதான். கல்பவளம் எலும்பு கட்டுவதற்குத்தான் கல்சியத்தை அள்ளிக் குடிக்கும், எலும்பில்லாத இந்தப் பொத்தான்களுக்கு அது பெரிய காரியமே இல்லை. ஆனாலும் கிழமைக்கு இரண்டு தடவை குழாயில் சொட்டு எண்ணி 420 வருகிறதா என்று பார்க்கிறார். இன்று கல்லைத் திருப்புவார், நாளை அதைப் பழையபடி வைப்பார், மூன்றாம் நாள் பவளம் சுருங்கிவிட்டதே என்று என்னிடம் புலம்புவார். பவளம் கேட்பதெல்லாம், நேற்றுப் போல இன்றும் இருக்கட்டும் என்பது ஒன்றைத்தான். கடலுக்கு அது லேசு. ஐயாவுக்குப் பொழுது போகவேண்டாமா?

இதையெல்லாம் எழுத அவரிடம் ஒரு பழைய செக்ரோல் இருக்கிறது, தொழிலாளரின் நாட்சம்பளத்தைப் பேர், அரைப்பேர் என்று பதிகிற புத்தகம். பெயர் இருக்கும் பத்தியில் ஒவ்வொரு பவளத்துக்கும் ஒரு வரி, எதிரே முப்பத்தொரு கட்டம். முழுக்க விரிந்தால் ஒரு பேர். பாதி விரிந்தால் அரைப்பேர். அரைப்பேர் விழுந்த நாளில் உப்பு, சூடு, லைட், நீரோட்டம் என்று விசாரணை இரவு பத்து மணி வரைக்கும் நடக்கும்.

கொழுந்து நிறுக்க வந்த ஒரு அக்கா ஒரு நாள் அதை எட்டிப் பார்த்துவிட்டார்.

"இதுக்கு எதுக்குங்க ஐயா அரைப்பேரு? பெரட்டுக்கு லேட்டா வந்துச்சா?"

"தண்ணில ஏதோ கோளாறு. அது மேல குத்தமில்ல."

"எனக்கு ரெண்டு கிலோ கொறஞ்சதுக்கும் அரைப்பேருதான் போட்டீங்க. அன்னிக்கும் தண்ணிதான், மேலருந்து கொட்டுச்சு."

ஐயா பென்சிலைச் சீவத் தொடங்கினார். ஏற்கெனவே கூராக இருந்த பென்சில்.

ஒக்டோபரில் ஒரு இரவு இடி விழுந்து தோட்டமே இருண்டது. 2022இல் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை கரண்ட் வெட்டியபோது வாங்கிய பற்றறிப் பம்ப் இருந்தது, சார்ஜ் இல்லை. நீரோட்டம் நின்றால் ஒட்சிசன் இறங்கும். இரவில் பவளத்துக்குள் இருக்கிற பாசியும் கொடுப்பதை விட்டு எடுக்கத் தொடங்கிவிடும். ஒரே வழி, ஜக்கால் மொண்டு உயரத்திலிருந்து திரும்ப ஊற்றிக்கொண்டே இருப்பது. ஐயா ஊற்றினார், நான் ஊற்றினேன். பன்னிரண்டு மணிக்கு எனக்குத் தோள் விட்டுப்போனது. ஆபிஸுக்குப் பின்னால்தான் லயம். என்ன சத்தம் என்று டோர்ச்சோடு வந்தவர் அதே அக்கா.

"குடுங்க ஐயா."

"மருந்தடிச்ச மலைக்குப் போனீங்களா?"

போயிருந்தார். மழையில் பீலிக்குப் போய் மூன்று தரம் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்து ஜக்கை வாங்கினார். விடிய ஐந்தரைக்குக் கரண்ட் வந்தது. அக்கா அப்படியே பிரட்டுக்குப் போனார், கண் சிவந்திருந்ததால் ஐயாவே அவரை லயத்துக்குத் திருப்பி அனுப்பினார்.

செக்ரோலில் பவளம் காப்பதற்கென்று ஒரு வேலை இல்லை. ஐயா நெடுநேரம் யோசித்து 'கான் வெட்டு' என்று எழுதினார். அந்த மழையில் எந்தக் கானை வெட்டினார்கள் என்று துரை மாதக் கடைசியில் கேட்டபோது, "ஆபிஸ் கான், சேர்" என்று சொல்லிச் சமாளித்தார்.

இரண்டு செக்ரோலையும் நான் பார்த்தேன். அன்றைய தேதியில் அக்காவுக்கு முழுப்பேர். பவளத்துக்கு அரை.